சிவப்பு மினியா, முயல் காரா?

கேள்வி: வணக்கம் அண்ணா. எனக்கு வீடு விசுவமடு. ஒட்டுசுட்டான் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கிறேன். இவ்வளவு காலமும் ஸ்கூட்டியில்தான் போய்வந்தேன். மாரியில் இனி முடியாது, மகளையும் ஏற்றிக்கொண்டு போகவேண்டும். அதனால் ஒரு கார் எடுக்க நினைக்கிறேன். பழைய காலத்துக் கார் மாதிரி வடிவான சின்னக் கார்தான் எனக்கு விருப்பம். அப்பப்பாவிடம் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. அதன் வட்டக் கண் இன்னும் மனதில் நிற்கிறது. கொழும்பில் 2004ஆம் ஆண்டு மினி கூப்பர் ஒன்று பார்த்தேன். சிவப்பு உடம்பு, வெள்ளைக் கூரை, ஓட்டோ கியர். வவுனியாவில் 2016 சுசுக்கி லாபின் ஒன்றும் விற்பனைக்கு நிற்கிறது. இரண்டுக்கும் கேட்கிற விலை கிட்டத்தட்ட ஒன்று. இவர் இரண்டின் படத்தையும் பார்த்து ‘கார்ட்டூன் கார்’ என்று சிரிக்கிறார். எதை எடுக்கலாம்? எடுக்கமுதல் என்னென்ன பார்க்கவேண்டும்?

பதில்: தங்கச்சி, முதலில் உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. தொண்ணூறுகளில் நான் கிளிநொச்சியில் ஒரு கராச்சில் சாமான் கழுவுகிற பெடியன். பொருளாதாரத் தடை, பெற்றோல் போத்தல் கணக்கில் வந்த காலம். அப்போது எங்கள் பக்கம் ஓடியவை அந்த வட்டக் கண் கார்கள்தான். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40. காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் அடித்து ஸ்டார்ட் பண்ணுவோம். இஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவோம். வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு, ஆனாலும் ஓடும். கலியாண வீட்டுக்கும் அதுதான், ஆஸ்பத்திரிக்கும் அதுதான். அந்த முகத்தைப் பார்த்துச் சிரிக்க வன்னியில் எவருக்கும் உரிமையில்லை என்று சொல்லுங்கள்.

ஆனால் நீங்கள் பார்த்திருக்கிற இரண்டும் அந்தக் கார்கள் இல்லை. அந்த முகத்தைப் போட்டுக்கொண்ட வேறு கார்கள். விஷயம் முழுக்க இதற்குள்தான் இருக்கிறது. மைனருக்கு வெளியே எப்படியோ உள்ளேயும் அப்படித்தான்: பொனற்றைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும், ஒரு குறடும் இரண்டு சாவியும் போதும். பழைய முகம் வைத்த புதுக் காரில் முகம் ஒரு சட்டை மட்டும்தான். அது யாருடைய உடம்பில் போட்ட சட்டை என்று பார்த்துத்தான் காசு கொடுக்கவேண்டும்.

இந்தச் சட்டை தைக்கிற வேலையை ஜப்பான்காரன் எண்பதுகளிலேயே தொடங்கிவிட்டான். 1991இல் நிசான் ஃபிகாரோ என்று ஒரு கார் விட்டது. பார்த்தால் ஐம்பதுகளின் ஐரோப்பியக் கார். கழற்றிப் பார்த்தால் உள்ளே சாதாரண நிசான் மார்ச், அதே 987 சிசி இஞ்சின், அதோடு ஒரு டர்போ. 20,000 மட்டும்தான் செய்தார்கள். கேட்ட ஆட்கள் கூடிப்போய்ச் சீட்டுக் குலுக்கித்தான் விற்றார்கள். 1997இல் வந்த புது வோக்ஸ்வாகன் பீட்டிலும் அப்படித்தான். பழைய பீட்டிலுக்கு இஞ்சின் பின்னால், இதற்கு முன்னால். உள்ளே இருந்தது கொல்ஃப்.

சரி, மினிக்கு வருவோம்.

1959இல் வந்த பழைய மினி பத்தடிக் கார். நீங்கள் பார்த்தது 2001இல் பிஎம்டபிள்யூ விட்ட மினி. அது மூன்றரை மீற்றரைத் தாண்டும், இஞ்சின் 1.6 லீற்றர். ஓட்டிப் பார்த்தால் விடமாட்டீர்கள், அதை நானே சொல்லிவிடுகிறேன். பரந்தன் சந்தியில் திரும்பும்போது சில்லு நான்கும் றோட்டைக் கவ்விக்கொண்டு திரும்பும். நான் ஓட்டிய சின்னக் கார்களில் அப்படித் திரும்பின வேறொன்று இல்லை. ஆனால் இந்த மினி வேறு எந்தச் சாதாரணக் காரின் உடம்பிலும் போட்ட சட்டை இல்லை. அதன் உடம்பும் அதனுடையதே. அதாவது சாமான் கடன் கேட்க அதற்கு வன்னியில் ஓர் உறவுக் காரும் இல்லை. யாழ்ப்பாணத்திலும் இல்லை. ஒரு இஞ்சின் மவுண்ட் போனால் கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிச் சாமான் கடைகளில் தேடவேண்டும், அங்கே இல்லையென்றால் வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கவேண்டும். அதுவரை கார் என்னுடைய கராச்சில் வேப்பமரத்துக்குக் கீழே நிற்கும், காகம் எச்சமிடும், நீங்கள் திரும்பவும் ஸ்கூட்டியில் போவீர்கள்.

2004 கூப்பர், ஓட்டோ கியர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வருடத்துக் கூப்பரில் ஓட்டோ என்றால் சிவிரி. இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓர் உருக்குப் பட்டி ஓடும் வகை. முதல் தலைமுறை மினியில் அதிகம் பேர் வாங்கிக் கட்டிக்கொண்டது இந்தக் கியர் பெட்டியால்தான். போகத் தொடங்கினால் எடுக்கும்போது உதறும், அப்புறம் இஞ்சின் கத்தும், கார் நகராது. திருத்துவதற்கு ஆளும் இல்லை, சாமானும் இல்லை. இன்னொரு பழைய பெட்டி தேடி மாற்றவேண்டும். அந்தப் பழையதும் எத்தனை நாளைக்கு என்று எவரும் எழுதித் தரமாட்டார்கள்.

இரண்டாவது, பவர் ஸ்டியரிங். இந்த மினியில் அதற்கு ஒரு மின்சாரப் பம்ப். இஞ்சினுக்குப் பின்னால் கீழே பதிந்து கிடக்கும். அது சூடேறாமல் இருக்க ஒரு குட்டி விசிறியும் உண்டு. நல்ல றோட்டு உள்ள ஊரிலேயே அந்த விசிறி தூசியில் இறுகிப்போய், பின்னால் பம்ப் எரிந்துபோகிறது. உங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கடைசியில் கிரவல் வீதிதானே? புரட்டாதியில் ஒரு டிப்பருக்குப் பின்னால் அந்தச் செம்மண் புழுதிக்குள் போனால் அந்த விசிறியின் கதி என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. தண்ணீர் நிரப்புகிற பிளாஸ்ரிக் போத்தலும் அப்படித்தான். ஒட்டுப் போட்ட கோட்டில் சூட்டுக்குப் பிளந்துவிடும். அது பிளந்ததைக் கவனிக்காமல் மாங்குளம் வரை ஓடினால் இஞ்சின் தலையே போகும்.

ரயர் விஷயமும் இருக்கிறது. பல மினிகளில் உதிரிச் சில்லே இல்லை. காற்றுப் போனாலும் கொஞ்சத் தூரம் மெதுவாக ஓடக்கூடிய தடித்த ரயர் போட்டு விட்டிருப்பார்கள். ஜெர்மனியில் அடுத்த ரயர் கடை வரைக்கும் அது காணும். புதுக்குடியிருப்புக்கும் ஒட்டுசுட்டானுக்கும் நடுவில் இரவு ஏழு மணிக்கு, பக்கத்தில் காடு, அதற்குள் யானை, கையில் பிள்ளை என்றால் எப்படி? பெற்றோலுக்கும் 95 ஒக்டேன்தான் அதற்கு ஒத்துவரும். எங்கள் பக்கத்து எல்லாச் செட்டிலும் அது இருக்காது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். உங்களிடம் ஏற்கெனவே ஒரு கார் இருந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைக்குப் போக ஓர் ஆசைக் கார் கேட்டிருந்தால் ‘கைக்கியர் மினி ஒன்று தேடுங்கள்’ என்றுதான் எழுதியிருப்பேன். ஆசைக்குச் செலவழிப்பதில் பிழையில்லை. ஆனால் இது நாளாந்தம் போக வர ஐம்பது அறுபது கிலோமீற்றர் ஓடி, எட்டு மணிக்கு முன் கையெழுத்துப் போட வைக்கவேண்டிய கார்.

அதனால் லாபினைப் பாருங்கள்.

லாபின் என்றால் பிரெஞ்சு மொழியில் முயல். காரில் அங்கங்கே முயல் படம் ஒளித்து வைத்திருப்பார்கள். மகளைத் தேடச் சொல்லுங்கள், அரை மணித்தியாலம் சத்தம் இருக்காது. 2002இல் முதலாவது வந்தது, 2008இல் இரண்டாவது, 2015இல் மூன்றாவது. நீங்கள் பார்த்தது இந்த மூன்றாவது. வட்டக் கண், சதுரப் பெட்டி. மைனரின் முகம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அந்தக் குடும்பத்துச் சாயல் இருக்கிறது. சட்டையைக் கழற்றினால் உள்ளே சுசுக்கி அல்ரோ. இஞ்சின் 658 சிசி. வன்னி முழுக்க ஓடித் திரிகிற வாகன் ஆரில் இருக்கிற அதே வகை. இஞ்சினுக்குள் ஓடுவது சங்கிலிதான், ரைமிங் பெல்ற் மாற்றுகிற செலவில்லை. 92 பெற்றோல் தாராளமாகப் போதும். ஜப்பானில் இதற்கு அடிக்கிற சாதாரணப் பெற்றோலே அந்தளவுதான். வாகன் ஆர் திருத்தத் தெரிந்த பெடியன் பரந்தனிலும் இருக்கிறான், தருமபுரத்திலும் இருக்கிறான். சாமான் காலையில் சொன்னால் பின்னேர பஸ்ஸில் வவுனியாவிலிருந்து வரும். கண்ணாடி, முன் பம்பர், லைற் மட்டும் லாபினுக்கே உரியவை. அவை சட்டையின் பொத்தான்கள். உடைந்தால் தேட வேண்டிவரும். அவற்றில் வெடிப்பு இருக்கிறதா என்று நன்றாகப் பாருங்கள்.

லாபினிலும் உதிரிச் சில்லு அநேகமாக இருக்காது, ஒட்டுகிற மருந்தும் ஒரு பம்பும்தான் தந்திருப்பார்கள். ஆனால் இதற்கு வழி இருக்கிறது. ரயர் அளவு 155/65, 14 அங்குலம்; வாகன் ஆருக்கும் அதே. பழைய வாகன் ஆர் சில்லு ஒன்று வாங்கி, ஜாக்கியோடு பின்னால் போட்டுவிடுங்கள். சாமான் வைக்கிற இடம் பாதி போகும். பரவாயில்லை.

இப்போது அந்த வவுனியாக் காரைப் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன். முதல் நாள் பின்னேரம் வருவதாகச் சொல்லி வைக்காதீர்கள். விடியக் காலை, இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய் நில்லுங்கள். பொனற்றில் கை வையுங்கள். சூடாக இருந்தால் யாரோ உங்களுக்கு முன்னரே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள். குளிர்ந்த இஞ்சின் ஸ்டார்ட் ஆகும் முதல் சில செக்கனில் சங்கிலி கலகலக்கிறதா என்று கேட்கவேண்டும். சாவி போட்டதும் எயார் பாக் லைற் எரிந்து அணையவேண்டும். எரியவே இல்லையென்றாலும் ஆபத்துத்தான், அந்த பல்பைக் கழற்றியிருப்பார்கள்.

அப்புறம் சீற் பெல்ற். இதைப் பலர் பார்ப்பதில்லை. போன மாரிக்குப் பிறகு ஒரு கார் பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வேறு ஓர் ஆள் விற்கிற கார், மினுங்குகிறது, உள்ளே மல்லிகைப்பூ வாசம். வாசம் கூடினாலே எனக்குச் சந்தேகம். பெல்ற்றை மெதுவாக, கடைசி நூல் வரை இழுத்தேன். கடைசி ஒரு சாண் இருக்கிற இடத்தில் தண்ணீர்க் கோடு, மண்ணிறம், கன்னத்தில் காய்ந்த கண்ணீர் மாதிரி. பெல்ற்றை அவ்வளவு தூரம் இழுத்து எவரும் கழுவுவதில்லை. பிறகு சீற்றுக்குக் கீழே கையை விட்டேன். தண்டவாளத்தைப் பூட்டியிருந்த ஆணிகள் நாலும் துருப்பிடித்து, தொட்டால் விரலில் பொடி. அந்தக் கார் கழுத்தளவு வெள்ளத்தில் நின்றிருக்கிறது. விற்கிறவர் ‘அப்படி ஒன்றும் இல்லை அண்ணை’ என்று வானத்தைப் பார்த்தார். 2016 மேயில் களனிப் பக்கம் மூழ்கியது, 2018 டிசெம்பரில் இரணைமடு வான்கதவு திறந்து எங்கள் பக்கமே மூழ்கியது. அதற்குப் பிறகும் எத்தனையோ வெள்ளம். மூழ்கிய கார்கள் எங்கேயோ விற்கப்பட்டுத்தானே இருக்கவேண்டும்.

ஜப்பானிலிருந்து வந்த கார் என்பதால் ஒக்சன் சீற் கேளுங்கள். ஜப்பானில் ஏலம் போனபோது பரிசோதித்து எழுதின தாள் அது. மேல் மூலையில் ஓர் எண் இருக்கும். 4, நாலரை என்றால் நல்லது. எண்ணுக்குப் பதிலாக ஆர் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அடிபட்டுத் திருத்தின கார். கீழே கார்ப் படத்தில் சின்னச் சின்னக் குறிகள் இருக்கும்: கீறலுக்கு ஒன்று, நெளிவுக்கு ஒன்று, மாற்றின கதவுக்கு ஒன்று. அந்தத் தாளில் உள்ள கிலோமீற்றரையும் இப்போது மீற்றரில் உள்ளதையும் ஒத்துப் பாருங்கள். 2016 கார், தாளில் 30,000, இப்போது 45,000 என்று காட்டினால், இவ்வளவு வருடமும் அதை யாரோ பூசை அறையில் வைத்திருக்கவேண்டும். பிறேக் பெடலின் ரப்பரைப் பாருங்கள். மீற்றரைத் திருப்புகிற ஆள் ரப்பரை மாற்ற மறந்துவிடுவான். சிலர் வேறு காரின் தாளைக் காட்டுவதும் உண்டு, அதனால் சசி இலக்கத்தைக் காரிலேயே பார்த்துத் தாளோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது சந்தைப் பக்கம் ஒரு சுற்று மட்டும் சுற்றிவிட்டு வரக்கூடாது. ஓமந்தை வரை கொண்டுபோங்கள். ஏசி போட்டு, நாலு பேர் ஏறி, அரை மணித்தியாலம். சிவிரி இதிலும் உண்டு. மினியில் இருப்பதுபோல் பேர் கெட்டது இல்லை, ஆனால் எண்ணெய் மாற்றாமல் ஓட்டினால் எதுவும் கெடும். சூடேறிய பிறகு நிற்பாட்டி எடுக்கும்போது உதறினால், ஊளையிட்டால் விட்டுவிடுங்கள். உதறாவிட்டாலும் வாங்கின கிழமையே சுசுக்கி சொல்கிற சிவிரி எண்ணெயை மாற்றுவேன். பிறகு 40,000 கிலோமீற்றருக்கு ஒருதரம். இது என்னுடைய கணக்கு, எங்கள் வெயிலுக்குப் போட்டது. சிவப்பு லைற்றில் இஞ்சின் தானாக நின்று தானாக எழும்புகிற வசதி அதில் அநேகமாக இருக்கும். அதற்குரிய பற்றரி விலை கூட. செத்த பற்றரிக்குப் பதிலாக மலிவானதைப் பூட்டியிருந்தால் அந்த வசதி வேலை செய்யாது. விலை பேச அது ஒரு பிடி.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடவே கூடாது. உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான் றேடியேற்றருக்குள்ளும் படியும். விற்கிறவரின் காரில் மூடியைத் திறந்து (குளிர்ந்திருக்கும்போது மட்டும்) பச்சையோ நீலமோ நிறத் தண்ணீர் இருக்கிறதா, அல்லது துருத் தண்ணீரா என்று பாருங்கள். ஊரில் நிற்பாட்டி வைக்கிற காருக்கு எலியும் ஒரு பகை. நெல்லு மூட்டை அடுக்கின கொட்டிலுக்குள் நிறுத்தினால் ஒரே இரவில் வயரைக் கடித்துவிடும்.

ஏ-9 வீதியில் இந்தக் கார் ஒரு தீப்பெட்டி. நீளம் மூன்றரை மீற்றர்கூட இல்லை. ஜப்பானின் சின்னக் கார்ச் சட்டத்துக்கு 3.4 மீற்றருக்குள் அடக்கவேண்டும். யாழ்ப்பாண பஸ் உரசிக்கொண்டு முந்தும்போது கார் ஒருபக்கம் இழுபடும், பயப்படவேண்டாம், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இரவில் மட்டும் அவசரப்படாதீர்கள். தார் சூட்டுக்கு மாடுகள் நடு றோட்டில் படுத்திருக்கும், கறுத்த மாட்டுக்கு வெளிச்சம் பட்டாலும் தெரியாது.

பத்திரங்கள் பற்றிச் சுருக்கமாக. காரின் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனி பெயர் இருந்தால், அது நீக்கப்படும் வரை முழுக் காசையும் கொடுக்காதீர்கள். ஒப்பம் வைத்த வெறும் பத்திரத்தோடு மூன்று கை மாறி வந்த காரை எடுக்காதீர்கள். புத்தகத்தில் பெயர் உள்ள ஆளை நேரில் கண்டு, அடையாள அட்டை பார்த்து, உடனே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், சொந்தக் கார்களுக்கு 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் பழைய கார்கள் தங்கம் மாதிரி ஏறின, இப்போதும் இறங்க மனமில்லாமல் நிற்கின்றன. விற்கிறவர் ‘நாளைக்கு வேறு ஆள் வருகிறார்’ என்று கண்டிப்பாகச் சொல்வார். வரட்டும்.

வவுனியாக் கார் மேலே சொன்ன எல்லாவற்றிலும் தேறினால், அச்சவாரம் கொடுக்கமுதல் ஒருதரம் பரந்தனுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். லிஃப்றில் தூக்கி அடியைப் பார்த்து, ஸ்கானரும் போட்டுத் தருகிறேன். விற்கிறவர் அவ்வளவு தூரம் வரமாட்டேன் என்றால் நான் வவுனியாவுக்கு வருகிறேன், பஸ் காசும் ஒரு பிளேன்ரீயும் தந்தால் போதும். மகளையும் கூட்டி வாருங்கள், முயல் எத்தனை என்று அவ எண்ணட்டும். வற்றாப்பளைப் பொங்கல் கிழமை மட்டும் கராச் பூட்டு.